முதல் உலகப் போரில் விமானம் செய்த வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போர் விமானம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது சிவப்பு வண்ணம் பூசிய மூன்றடுக்குச் சிறகு விமானமும், மேகங்களுக்கு நடுவே இரு வீரர்கள் மோதிக்கொள்ளும் காட்சியும்தான். அந்த மோதல்கள் எதற்காக நடந்தன என்பதைப் பலரும் கேட்பதில்லை. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி மெதுவாகப் பறந்து, தரையிலிருந்த பீரங்கிகளுக்குக் குறி சொல்லிக்கொடுத்த இருவர் விமானம்தான் அந்தப் போரின் போக்கைப் பெரிதும் மாற்றியது. மற்றவை எல்லாம் அந்த ஒரு வேலையைக் காக்கவோ கெடுக்கவோ வந்தவை என்பது என் உறுதியான கருத்து. வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலிருந்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

போரில் விமானம் முதன்முதலில் பயன்பட்டது எப்போது?

ரைட் சகோதரர்களின் விமானம் 1903 டிசம்பர் 17 அன்று, முதல் முயற்சியில் 12 வினாடி பறந்தது. எட்டே ஆண்டுகளில் விமானம் போர்க்களத்துக்கு வந்துவிட்டது. இடம் லிபியா. ஓட்டோமான் துருக்கியரிடமிருந்து திரிப்போலியைப் பறிக்க 1911-இல் புறப்பட்ட இத்தாலி, படைகளோடு சில விமானங்களையும் கப்பலில் ஏற்றிச் சென்றது. அக்டோபர் 23 அன்று கேப்டன் கார்லோ பியாட்சா பிளேரியோ விமானத்தில் பறந்து, துருக்கியப் படைகள் எங்கே முகாமிட்டிருக்கின்றன என்று பார்த்து வந்தார். நவம்பர் 1 அன்று லெப்டினன்ட் ஜூலியோ கவோட்டி ஒரு படி மேலே போனார். கைக்குண்டுகளை ஒரு தோல் பையில் எடுத்துக்கொண்டு, வெடிக்கச் செய்யும் டெட்டனேட்டர்களைத் தனியாக வைத்துக்கொண்டு, ஒரு கையால் விமானத்தை ஓட்டியபடி மறுகையால் அவற்றைப் பொருத்தி, ஐன் சாரா, தாஜுரா என்ற பாலைவனச் சோலைகளின் மீது நான்கு குண்டுகளை வீசினார். ஒவ்வொன்றும் இரண்டு கிலோ அளவுதான். சேதம் சொற்பம். ஆனாலும் விமானத்திலிருந்து நடந்த முதல் குண்டுவீச்சு அது.

வானிலிருந்து குண்டு வீசுவதைத் தடை செய்யும் பிரகடனம் ஒன்று 1907-இலேயே ஹேக் மாநாட்டில் வந்திருந்தது. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகள் அதில் கையெழுத்திடவில்லை.

1914-இல் போர் தொடங்கியபோது படைகளிடம் எத்தனை விமானங்கள் இருந்தன?

மிகக் குறைவு. ராயல் ஃபிளையிங் கோர் என்ற பிரிட்டனின் விமானப் பிரிவு ஆகஸ்டில் பிரான்ஸுக்குக் கொண்டுபோனவை சுமார் 60. பிரான்ஸிடமும் ஜெர்மனியிடமும் இருந்தவையும் சில நூறுகளுக்குள்தான். மரச் சட்டம், துணி உறை, இழுத்துக் கட்டிய கம்பிகள், மணிக்கு 110 கிலோமீட்டர் அளவு வேகம். துப்பாக்கி எதுவும் பொருத்தப்படவில்லை. விமானி தன் இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு போவார், அவ்வளவுதான். பல தளபதிகள் வேவு பார்க்கும் வேலையைக் குதிரைப்படையிடமே ஒப்படைத்திருந்தார்கள்.

அத்தனை குறைந்த விமானங்களால் ஏதாவது நடந்ததா?

நடந்தது. அதுவும் முதல் ஆறு வாரங்களுக்குள்.

1914 ஆகஸ்ட் இறுதியில் ஜெர்மனியின் வலது கோடிப் படையான முதலாம் படை, ஜெனரல் குளுக் தலைமையில் பாரிஸை நோக்கி வந்துகொண்டிருந்தது. போட்ட திட்டத்தின்படி அது பாரிஸுக்கு மேற்கே சுற்றி வந்திருக்க வேண்டும். பின்வாங்கும் பிரெஞ்சுப் படையை உடனே மடக்கிவிட எண்ணி, குளுக் தென்கிழக்கே திரும்பினார். இதனால் அவருடைய படையின் பக்கவாட்டு பாரிஸ் நகரக் காவல் படைக்கு எதிரே திறந்து கிடந்தது. ஆயிரக்கணக்கானோர் அடங்கிய படை சாலைகளில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைத் தரையிலிருந்து பார்த்துத் திட்டவட்டமாகச் சொல்வது கடினம். பிரெஞ்சு, பிரிட்டிஷ் விமானிகள் மேலிருந்து அந்தத் தூசிப் படலத்தின் திசையைக் கண்டார்கள். ஒரு நாள் அல்ல, அடுத்தடுத்த நாட்களில் வந்த தகவல்கள் ஒன்றையொன்று உறுதி செய்தன. பாரிஸின் ராணுவ ஆளுநர் கல்லியேனி அவற்றை நம்பினார். தாக்க வேண்டும் என்று தலைமைத் தளபதி ஜோஃப்ரை வற்புறுத்தினார். செப்டம்பர் 6 அன்று முழு வீச்சில் மூண்ட மார்ன் போரில் ஜெர்மானியர் நிறுத்தப்பட்டார்கள். பாரிஸ் டாக்சிகளில் வீரர்களை ஏற்றி அனுப்பிய கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்த டாக்சிகள் எங்கே போக வேண்டும் என்று தெரிந்ததற்கு விமானமும் ஒரு காரணம் என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

அதற்குச் சில நாட்களுக்கு முன், ஆகஸ்ட் 22 அன்று, பெல்ஜியத்தின் மான்ஸ் அருகே பிரிட்டிஷ் படையை ஜெர்மானியர் சுற்றி வளைக்க வருவதையும் விமானிகள் கண்டு சொன்னார்கள். கிழக்கே டானன்பர்க்கில் ரஷ்யப் படைகளின் நகர்வை ஜெர்மன் விமானிகள் கவனித்தார்கள். அங்கே ரஷ்யர்கள் சங்கேதமில்லாமல் அனுப்பிய கம்பியில்லாத் தந்திச் செய்திகளும் ஜெர்மானியருக்கு உதவின. ஆகவே முழுப் பெருமையையும் விமானத்துக்குக் கொடுக்க முடியாது.

பதுங்குகுழிகளில் படைகள் அசையாமல் நின்றுவிட்ட பிறகு விமானத்துக்கு என்ன வேலை?

முக்கியமான பதில் இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1914 இறுதிக்குள் சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து கடல் வரை இரு தரப்பும் குழி வெட்டி உட்கார்ந்துவிட்டன. குதிரைப்படை போய் வேவு பார்க்க இடமே இல்லை. போரில் அதிகம் பேரைக் கொன்றது பீரங்கி. அந்தப் பீரங்கியோ கண்ணுக்குத் தெரியாத இலக்கை, குன்றுக்கு அப்பால், பல கிலோமீட்டர் தொலைவில் சுட வேண்டியிருந்தது. குண்டு எங்கே விழுந்தது என்று யாராவது பார்த்துச் சொல்லாவிட்டால் அத்தனையும் வீண். பார்த்துச் சொல்லக்கூடிய உயரமான இடம் வானம் ஒன்றுதான்.

1914 செப்டம்பர் 24 அன்று பிரான்ஸின் ‘ஏன்’ (Aisne) என்ற நதியின் கரையில் ஒரு பிரிட்டிஷ் விமானம் கம்பியில்லாத் தந்தி மூலம் தன் பீரங்கிகளுக்கு அனுப்பிய செய்திகள் பதிவாகியிருக்கின்றன. மாலை நான்கு மணிக்குச் சற்றுப் பின் தொடங்குகின்றன. ‘மிகச் சற்றே முன்னால் விழுந்தது. சுடுங்கள், சுடுங்கள்.’ பிறகு ‘தாண்டிப் போயிற்று, கொஞ்சம் இடப்பக்கம்’ என்று ஒரு திருத்தம். கொஞ்ச நேரத்தில் ‘பட்டது, பட்டது, பட்டது.’ நாற்பது நிமிடம் கழித்து, ‘நான் திரும்பி வருகிறேன்’ என்று முடிகிறது. இந்த நாற்பது நிமிடங்களில் எதிரியின் பீரங்கி வரிசை ஒன்று எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும், அதன் மேல் குண்டு விழ எவ்வளவு திருத்தம் வேண்டும் என்பதும் தீர்ந்துவிட்டன.

இப்படி வாக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தால் நேரம் போகும் என்பதால் அடுத்த ஆண்டு ஒரு குறிமுறை வந்தது. வரைபடத்தில் இலக்கை மையமாக வைத்துக் கடிகார முகப்பைப் பதித்துக்கொள்வார்கள். 12 என்பது சரி வடக்கு. மையத்தைச் சுற்றி வட்டங்கள். 10 கஜத்துக்கு ஒய், 25-க்கு இசட், 50-க்கு ஏ, 100-க்கு பி, 200-க்கு சி என்று வெளியே போகும். குண்டு இலக்குக்குக் கிழக்கே 100 கஜத்துக்குள் விழுந்தால் ‘பி 3’ என்று மோர்ஸ் குறியில் தட்டினால் போதும். பீரங்கிக்காரர்கள் உடனே கோணத்தைத் திருத்தி அடுத்த குண்டைச் சுடுவார்கள். இரண்டு எழுத்தில் ஒரு திருத்தம்.

அந்தத் தந்திக் கருவியால் அனுப்பத்தான் முடியும், பதிலைப் பெற முடியாது. தரையில் இருப்பவர்கள் வெள்ளைத் துணிப் பட்டைகளைக் குறிப்பிட்ட வடிவங்களில் விரித்து வைத்துப் பதில் சொல்வார்கள். விமானம் வயிற்றுக்குக் கீழே முப்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள செம்புக் கம்பியை, முனையில் ஈயக் குண்டு கட்டி, ஆண்டெனாவாகத் தொங்கவிட்டுக்கொண்டு பறக்கும். எதிரி விமானம் வந்தால் கம்பியைச் சுருட்ட வேண்டும், அல்லது அறுத்துவிட வேண்டும். இந்த நிலையில், ஒரே இடத்தைச் சுற்றி எட்டு வடிவில் மணிக்கணக்காகப் பறக்கும் விமானத்தைக் கீழேயிருந்து விமான எதிர்ப்புப் பீரங்கியும் மேலேயிருந்து எதிரி விமானமும் குறிவைத்தன. இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்கள் இன்று யாருக்கும் தெரியாது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கம்பியில் கட்டிப் பறக்கவிட்ட பலூன்களும் இதே வேலையைச் செய்தன. கூடையில் இருப்பவர் டெலிபோனில் நேராகப் பேசலாம் என்பது அவற்றின் வசதி. நகர முடியாது என்பது பலவீனம்.

புகைப்படம் எடுத்ததால் என்ன பயன்?

வரைபடம் கிடைத்தது. 1915 மார்ச் 10 அன்று பிரிட்டிஷ், இந்தியப் படைகள் நியூவ் ஷாப்பெல் கிராமத்தைத் தாக்கியபோது, ஜெர்மன் பதுங்குகுழிகள் முழுவதையும் விமானத்திலிருந்து படமெடுத்து வரைந்த வரைபடம் அதிகாரிகள் கையில் இருந்தது. எந்தக் குழி எங்கே வளைகிறது, எங்கே பின்னோக்கிப் போகிறது என்று தாக்குதலுக்கு முன்பே தெரிந்தது. முதல் நாள் கிராமம் பிடிபட்டது. அதற்குமேல் முன்னேற முடியாமல் போனதற்குக் காரணம் தகவல் தொடர்பும் குண்டுத் தட்டுப்பாடும்.

அதன் பிறகு ஒரே இடத்தை நாள்தோறும் படமெடுத்து ஒப்பிடத் தொடங்கினார்கள். நேற்று இல்லாத ஒற்றையடிப் பாதை இன்று புல்லில் தெரிந்தால், அது முடியும் இடத்தில் ஏதோ புதிதாக வந்திருக்கிறது என்று பொருள். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்து ஸ்டீரியோஸ்கோப்பில் பார்த்தால் மேடு பள்ளம் தனித்துத் தெரியும். இதற்கு மாற்றாக வண்ணம் தீட்டிய வலைகள், பொய்ப் பீரங்கிகள், இரவில் மட்டும் படை நகர்த்துவது என்று மறைக்கும் கலையும் வளர்ந்தது. 1918 மார்ச்சில் ஜெர்மனியும் ஆகஸ்டில் நேச நாடுகளும் தங்கள் பெரும் தாக்குதல்களுக்கு முன் படைகளை இருட்டிலேயே நகர்த்தியதற்கு முக்கியக் காரணம், மேலே ஒரு கேமரா இருக்கிறது என்ற அச்சம்.

வானில் சண்டை எப்படித் தொடங்கியது?

எதிரி நம்மைப் பார்க்கிறான் என்றால் அவனை விரட்ட வேண்டும். சண்டைக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. 1914 அக்டோபர் 5 அன்று ரான்ஸ் நகருக்கு அருகே சார்ஜன்ட் ஜோசப் ஃப்ரான்ட்ஸ் ஓட்டிய பிரெஞ்சு வோவாசான் விமானத்திலிருந்து லூயி கெனோ இயந்திரத் துப்பாக்கியால் ஒரு ஜெர்மன் விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார். விமானம் விமானத்தைத் துப்பாக்கியால் வீழ்த்திய முதல் நிகழ்ச்சியாக இதையே சொல்வார்கள்.

வோவாசானில் விமானத்தைச் செலுத்தும் விசிறி (ப்ரொப்பெல்லர்) பின்புறம் இருந்ததால் முன்னால் சுடுவது எளிது. வேகமான விமானங்களுக்கோ விசிறி முன்னால். நேராகச் சுட்டால் தன் விசிறியையே சுட்டுக்கொள்ள வேண்டிவரும். ரோலன் கரோஸ் என்ற பிரெஞ்சு விமானி 1915 ஏப்ரலில் விசிறி இதழ்களில் எஃகுத் தகடுகளைப் பொருத்தி, படும் தோட்டாக்கள் தெறித்துப் போகும்படி செய்து, சில விமானங்களை வீழ்த்தினார். அதே மாதம் 18-ஆம் தேதி அவர் ஜெர்மன் பகுதியில் தரையிறங்க நேர்ந்து பிடிபட்டார். விரைவிலேயே ஃபொக்கர் நிறுவனம், விசிறி இதழ் துப்பாக்கிக்கு நேரே வரும்போது சுடுவதைத் தடுத்து நிறுத்தும் இணைப்புப் பொறியைத் தன் ஒற்றைச் சிறகு விமானத்தில் பொருத்தியது. இனி விமானி தன் விமானத்தையே குறிநோக்கித் திருப்பிச் சுடலாம். 1915 ஆகஸ்ட் முதல் அடுத்த ஆண்டுத் தொடக்கம் வரை இம்மெல்மான், போல்க்கே போன்ற ஜெர்மன் விமானிகளின் கையில் இந்த விமானம் நேச நாடுகளின் வேவு விமானங்களைச் சின்னாபின்னமாக்கியது. பிரான்ஸின் நியூப்போர், பிரிட்டனின் டி.எச். 2 போன்ற விமானங்கள் வந்த பிறகே அந்த நிலை மாறியது.

இதன் பிறகு கை மாறி மாறி ஓடிய பந்தயம்தான். ஆறு மாதம் ஒரு தரப்பின் விமானம் சிறந்தது, அடுத்த ஆறு மாதம் மறு தரப்பினுடையது. வெர்டனில் 1916 பிப்ரவரியில் ஜெர்மன் விமானங்கள் வேவு விமானங்களை விரட்டி, பிரெஞ்சுப் பீரங்கிகள் குருடாகிப்போனதால், வானத்தைத் துப்புரவாக்க என்றே தனிச் சண்டை விமானக் குழுக்களை ட்ரிக்கோர்னோ டி ரோஸ் என்ற அதிகாரி அமைத்தார். சண்டை விமானப் படை என்ற தனிப் பிரிவின் பிறப்பே பீரங்கியின் கண்ணைக் காக்க நடந்தது.

ரிச்தோஃபென் போன்ற வீரர்கள் போரின் முடிவை மாற்றினார்களா?

80 விமானங்களை வீழ்த்தியவர் ஜெர்மன் விமானி மான்ஃப்ரெட் ஃபொன் ரிச்தோஃபென். அவரது திறமையில் ஐயமில்லை. ஆனால் 1917 ஏப்ரலைப் பாருங்கள். அராஸ் போர் நடந்த அந்த மாதத்தில் பிரிட்டன் சுமார் 245 விமானங்களை இழந்தது. ‘ரத்த ஏப்ரல்’ என்றே பெயர் வந்துவிட்டது. ரிச்தோஃபென் மட்டும் அந்த ஒரே மாதத்தில் இருபதுக்கும் மேல் வீழ்த்தினார். அவரது அல்பட்ராஸ் விமானத்துக்கு எதிரே வந்தவற்றில் பல, பி.இ. 2 என்ற பழைய இருவர் விமானங்கள். ஆடாமல் அசையாமல் பறப்பது அதன் சிறப்பு. படமெடுக்க ஏற்றது, தப்பி ஓட உதவாது. பார்வையாளர் முன்னிருக்கையில், சிறகுக்கும் கம்பிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பார். துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்பினாலும் தன் விமானத்தின் ஏதோ ஒரு பாகம் குறுக்கே நிற்கும்.

அவ்வளவு இழப்புக்குப் பிறகும் பிரிட்டிஷ் பீரங்கிகளுக்குத் தேவையான படங்களும் குறிகளும் வந்துகொண்டே இருந்தன. கனடியப் படை விமி மேட்டைப் பிடித்தது. வானில் எண்ணிக்கையில் வென்றவர்கள் ஜெர்மானியர். தரையில் தங்களுக்கு வேண்டியதைப் பெற்றவர்கள் பிரிட்டிஷார். எத்தனை விமானம் விழுந்தது என்ற கணக்கை மட்டும் வைத்து வெற்றி தோல்வியைப் பேசுவது தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

விமானிகளுக்குப் பாராசூட் கொடுக்கவில்லையா?

பலூன் பார்வையாளர்களுக்குக் கொடுத்தார்கள். போர் முடியும் வரை பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானிகளுக்குக் கொடுக்கவில்லை. அன்றைய பாராசூட் பருமனானது, எடை கூடியது என்பது காரணம். ஜெர்மானியர் 1918-இல் ஹைனெக்கே என்ற வகையைக் கொடுக்கத் தொடங்கினார்கள். எர்ன்ஸ்ட் ஊடெட் போன்றவர்கள் அதனால் பிழைத்தார்கள். தீப்பிடித்த விமானத்தில் எரிவதா, குதித்துச் சாவதா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இளைஞர்களை விட்டது மன்னிக்கத்தக்கது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆமணக்கு எண்ணெய்க்கும் அந்த விமானங்களுக்கும் என்ன தொடர்பு?

அன்றைய சண்டை விமானங்கள் பலவற்றில் சிலிண்டர்கள் எல்லாம் விசிறியோடு சேர்ந்தே சுழலும் ரோட்டரி எஞ்சின் இருந்தது. அதன் உள்ளே எரிபொருளும் மசகெண்ணெயும் ஒரே வழியாகப் போகும். சாதாரண மசகெண்ணெய் பெட்ரோலில் கரைந்து நீர்த்துவிடும். ஆமணக்கு எண்ணெய் அவ்வளவு எளிதில் கரையாது, சூட்டையும் தாங்கும். உயவு முடிந்ததும் அது புகையோடு வெளியே வந்து விமானியின் முகத்தில் அடிக்கும். விமானிகள் கழுத்தில் பட்டுத் துணி சுற்றிக்கொண்டதும் அடிக்கடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டதும் இதனால்தான். தொடர்ந்து அதைச் சுவாசித்தவர்களின் வயிறு என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உலகச் சந்தையில் ஆமணக்கு விதையை அதிகம் விற்ற நாடு இந்தியா. அதனால் நம் புன்செய்க் காட்டுப் பயிர் போர்க்காலச் சரக்காக மாறியது.

நகரங்கள் மீது குண்டு வீசியதால் பலன் கிடைத்ததா?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இல்லை. 1915 ஜனவரி 19 அன்று ஜெர்மனியின் செப்பலின் என்ற, வாயு நிரப்பிய வான்கப்பல்கள் இங்கிலாந்தின் கிழக்குக் கரை ஊர்களான கிரேட் யார்மவுத், கிங்ஸ் லின் மீது குண்டு வீசின. மே இறுதியில் லண்டன் தாக்கப்பட்டது. 1916 செப்டம்பர் 3 அதிகாலை லீஃப் ராபின்சன் என்ற விமானி, தீப்பற்றவைக்கும் புதிய தோட்டாக்களால் எஸ்.எல். 11 என்ற வான்கப்பலை லண்டனுக்கு வடக்கே எரித்து வீழ்த்தினார். அவர் ஓட்டியதும் அதே பி.இ. 2 வகைதான், இருட்டில் ஆடாமல் பறப்பது அங்கே உதவியது. அதோடு வான்கப்பல்களின் காலம் இறங்கத் தொடங்கியது.

அடுத்து கோத்தா என்ற இரட்டை எஞ்சின் ஜெர்மன் விமானங்கள் வந்தன. 1917 ஜூன் 13 அன்று பட்டப்பகலில் லண்டனில் 162 பேர் இறந்தார்கள். பாப்லர் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்த குண்டு கூரையையும் மாடிகளையும் துளைத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் வெடித்தது. இறந்த 18 பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐந்து வயதுக் குழந்தைகள்.

நான்கு ஆண்டுகளில் பிரிட்டனில் வான் தாக்குதலால் இறந்தவர்கள் சுமார் 1,400 பேர். 1916-இல் பிரான்ஸில் நடந்த சொம் போரின் முதல் நாளில் மட்டும் இறந்த பிரிட்டிஷ் வீரர்கள் 19,000-க்கும் மேல். ராணுவக் கணக்கில் குண்டுவீச்சு சிறியது. ஆனால் அதைத் தடுக்கச் சண்டை விமானங்களையும் பீரங்கிகளையும் பிரான்ஸிலிருந்து திருப்பி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அரசியல் விளைவு இன்னும் பெரியது. மக்களின் கோபத்தைக் கண்ட அரசு ஜெனரல் ஸ்மட்ஸிடம் ஆராயச் சொன்னது. எதிரி நாட்டின் தொழில் நகரங்களை வானிலிருந்து அழிப்பதே போரின் முதன்மை வேலையாகும் நாள் வரலாம், தரைப்படையும் கடற்படையும் இரண்டாம் இடத்துக்குப் போகலாம் என்று அவர் ஆகஸ்டில் எழுதினார். 1918 ஏப்ரல் 1 அன்று தரைப்படையிலிருந்தும் கடற்படையிலிருந்தும் பிரிந்த தனி விமானப்படையாக ராயல் ஏர் ஃபோர்ஸ் பிறந்தது. பீரங்கிக்குக் குறி சொன்ன ஆயிரக்கணக்கான பறத்தல்களைவிட, பொதுமக்களைக் கொன்ற சில தாக்குதல்களே அடுத்த தலைமுறைப் படைத்தலைவர்களின் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டன. இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்தும் திருப்பம் இதுதான்.

கடலில் என்ன நடந்தது? நம் பக்கத்துக் கடலுக்கு விமானம் வந்ததா?

1918 ஜூலை 19 அன்று ஃபியூரியஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலின் தளத்திலிருந்து கிளம்பிய ஏழு கேமல் வகை விமானங்கள், ஜெர்மனியின் டோண்டர்ன் தளத்தில் இரண்டு செப்பலின்களைக் கொட்டகையோடு எரித்தன. கப்பல் தளத்திலிருந்து கிளம்பித் தரை இலக்கைத் தாக்கும் முறைக்கு அதுவே முன்னோடி. நீர்மூழ்கிகளைத் தேடி அலைந்த கடல் விமானங்கள் அவற்றைத் தாமே மூழ்கடித்தது அரிது. மேலே விமானம் சுற்றினால் நீர்மூழ்கி தலை காட்டாது. கப்பல் கூட்டம் தப்பிவிடும். அதுவே போதுமானதாக இருந்தது.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய எம்டன் கப்பலில் விமானம் இல்லை. 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு அருகே கண்ணிவெடிகளைப் பரப்பிச் சில கப்பல்களை மூழ்கடித்த ஜெர்மனியின் வுல்ஃப் கப்பலில் இருந்தது. ‘ஓநாய்க்குட்டி’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்தக் கடல் விமானம், இரை எங்கே இருக்கிறது, எதிரிப் போர்க்கப்பல் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொன்னது. அந்த ஆண்டு ஜூனில் பசிபிக் கடலில் ஒரு சரக்குக் கப்பலின் மேல் எச்சரிக்கைக் கடிதத்தையும் அதன் முன்னே ஒரு குண்டையும் போட்டு, அதைச் சரணடைய வைத்தது.

விமானம் மட்டுமே ஒரு படையை அழித்த சம்பவம் உண்டா?

உண்டு, பாலஸ்தீனத்தில். 1918 செப்டம்பரில் பிரிட்டிஷ் ஜெனரல் ஆலன்பியின் படைகள் மெகிடோ பகுதியில் தாக்கின. முதல் இரவிலேயே ஹேன்ட்லி பேஜ் என்ற பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்று அஃபூலாவிலிருந்த டெலிபோன் நிலையத்தைத் தாக்கியது. ஜெனின் விமானத்தளத்தின் மேல் விடாமல் சுற்றி, எதிரி விமானங்கள் எழும்பவிடாமல் தடுத்தார்கள். நாசரேத்தில் இருந்த ஜெர்மன் தளபதி லிமான் ஃபொன் சாண்டர்ஸுக்குத் தன் படைகள் எங்கே இருக்கின்றன என்பதே தெரியவில்லை. இந்தியக் குதிரைப்படைகள் அதற்குள் பின்பக்கச் சாலைகளை அடைத்துவிட்டன.

செப்டம்பர் 21 காலையில், பின்வாங்கும் ஓட்டோமான் ஏழாம் படை வாடி ஃபாரா என்ற குறுகிய பள்ளத்தாக்குச் சாலையில் இறங்குவதை ஆஸ்திரேலிய விமானிகள் கண்டார்கள். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறு பக்கம் பள்ளம். முன் வண்டிகளை முடக்கியதும் பின்னால் வந்தவை அனைத்தும் தேங்கின. பிறகு நாள் முழுதும் இடைவெளியில்லாமல் விமானங்கள் முறை வைத்து வந்து குண்டு வீசின, இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. பின்னால் அங்கே போனவர்கள் 80-க்கும் மேற்பட்ட பீரங்கிகளும் நூற்றுக்கணக்கான வண்டிகளும் சிதறிக் கிடப்பதைக் கண்டார்கள். இது எல்லா இடத்திலும் நடக்கக்கூடியதல்ல. எதிரிக்கு விமானம் இல்லாமல், ஒதுங்க இடமில்லாமல், திரும்ப வழியில்லாமல் இருந்ததால் நடந்தது.

அப்படியானால் 1918-இல் போரை முடித்தது விமானமா?

தனியாக இல்லை. ஆகஸ்ட் 8 அமியான் போரைப் பார்த்தால் அதன் வலிமையும் எல்லையும் ஒருசேரத் தெரியும். தாக்குதல் தொடங்குவதற்கு முன்பே அங்கிருந்த 530 ஜெர்மன் பீரங்கிகளில் 504-இன் இடம் தெரிந்திருந்தது. வான் படங்களோடு, வெடியொலியையும் சுடரையும் அளந்து இடம் காணும் தரைக் குழுக்களும் சேர்ந்து சாதித்தது அது. தாக்குதல் தொடங்கிய நிமிடத்திலேயே அந்தப் பீரங்கிகள் மேல் குண்டு விழுந்தது. டாங்கிகள் முன்னணிக்கு வரும் இரைச்சலை மறைக்க முந்தைய இரவுகளில் விமானங்களைத் தாழப் பறக்கவிட்டார்கள்.

அதே நாள் பிற்பகலில் சொம் நதிப் பாலங்களை உடைத்து ஜெர்மானியரை மடக்க விமானங்களை அனுப்பினார்கள். பாலங்கள் விழவில்லை. அன்றைய குண்டுகள் அதற்குச் சிறியவை, குறியும் போதவில்லை. ஒரே நாளில் ஏறத்தாழ நூறு விமானங்கள் வீழ்ந்தோ சிதைந்தோ போயின. பார்த்துச் சொன்ன விமானம் வென்றது. தானே அழிக்கப் போன விமானம் தோற்றது.

இந்தியர்கள் விமானிகளாக இருந்தார்களா?

நான்கு பேரின் பெயர் பதிவில் இருக்கிறது. கொல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகளைப் பெற்றார். அதே மாதம் 22 அன்று வான் சண்டையில் இறந்தபோது வயது 19. தலைப்பாகையைக் கழற்ற மறுத்து, அதன் மேல் பெரிய தலைக்கவசம் அணிந்து பறந்த ஹர்தித் சிங் மாலிக் பின்னாளில் சுதந்திர இந்தியாவின் தூதராக பிரான்ஸில் பணியாற்றினார். வெலிங்கர், சென் ஆகியோர் மற்ற இருவர்.

விமானிகளாக அல்லாமல், விமானத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த இந்தியர்கள் ஆயிரக்கணக்கானோர். 1915 டிசம்பரில் மெசப்பொட்டேமியாவின் (இன்றைய ஈராக்) கூட் நகரில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பூனா டிவிஷன் ஓட்டோமான் முற்றுகையில் சிக்கியது. 1916 ஏப்ரலில் விமானங்கள் மாவும் பிற உணவும் கொண்டுபோய்ப் போட்டன. வான்வழி உணவு வழங்கலின் முதல் பெரிய முயற்சி இது. சுமக்க முடிந்தது சிறிது. அதிலும் சில மூட்டைகள் டைகிரிஸ் நதியில் விழுந்தன. ஏப்ரல் 29 அன்று படை சரணடைந்தது.

போர் முடிந்த பிறகு அந்த விமானங்கள் என்ன ஆயின?

1918 நவம்பர் 11 போர்நிறுத்த ஒப்பந்தம் 1,700 ஜெர்மன் விமானங்களை ஒப்படைக்கச் சொன்னது. முதலில் ஃபொக்கர் டி. 7 வகை என்று பெயர் குறிப்பிட்டே கேட்டது. வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்கு ராணுவ விமானமே இருக்கக் கூடாது என்றது.

வென்றவர்களின் விமானங்கள் காலனிகளுக்கு வந்தன. 1919 மே 24 அன்று ஒரே ஒரு ஹேன்ட்லி பேஜ் விமானம் காபூல் மீது குண்டு வீசியது. 1922-இல் ஈராக்கை அடக்கிவைக்கும் ராணுவப் பொறுப்பே ராயல் ஏர் ஃபோர்ஸிடம் கொடுக்கப்பட்டது; தரைப்படையைவிடச் செலவு குறைவு என்பது காரணம். இவற்றுக்கெல்லாம் முன்பே, ஜாலியன்வாலா பாகுக்கு மறுநாள், 1919 ஏப்ரல் 14 அன்று, பஞ்சாபின் குஜ்ரன்வாலாவில் கிளர்ச்சி செய்த மக்கள் மீதும் சுற்றுப்புறக் கிராமங்கள் மீதும் விமானங்கள் குண்டு வீசி, இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. ஒரு பள்ளி விடுதியும் தப்பவில்லை. பலர் உயிரிழந்தார்கள். விசாரித்த ஹண்டர் குழுவின் முன் வந்த விமான அதிகாரி, சிலரைக் கொன்றால் மற்றவர்கள் கூட மாட்டார்கள், அது அவர்களின் நன்மைக்கே என்ற பொருளில் பதில் சொன்னார்.